விலை கூடிய கில்ட் ஸ்கேல் வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டு மாடியில் சனிக்கிழமை பிற்பகல்களில் ஏழெட்டுப் பேர் கூடி ஒட்டுப்போர்வை தைக்கிறோம். இப்போது எல்லோரும் கில்ட் என்று சொல்வது இதைத்தான். துண்டுத் துணிகளை இணைத்து மேல்துணியாக்கி, நடுவே பஞ்சு விரிப்பை வைத்து, அடித்துணியோடு சேர்த்துத் தைக்க வேண்டும். தருமபுரியிலிருந்தும் பர்கூரிலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள் உண்டு. புதிதாக வருகிறவர் முதல் வாரம் துணியைப் பற்றிக் கேட்பார். இரண்டாம் வாரம் என் மேசையிலிருக்கும் ஸ்கேலைக் கையில் எடுத்துப் பார்த்து விலை கேட்பார். சொன்னதும் மெதுவாகக் கீழே வைத்துவிடுவார். அதன் பிறகு வருகிற கேள்விகளைத்தான் இங்கே எழுதிவைத்திருக்கிறேன்.

அந்தக் கண்ணாடி ஸ்கேலில் அப்படி என்னதான் இருக்கிறது?

கண்ணாடியைப் போலத் தெரிந்தாலும் அது அக்ரிலிக். சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன். பரவலாக விற்பது 6 அங்குல அகலம், 24 அங்குல நீளம் கொண்டது. கால் அங்குலம், அரைக்கால் அங்குலம் என்று கட்டம் கட்டமாகக் கோடுகள் இருக்கும். 30, 45, 60 பாகைக்குச் சாய்கோடுகளும் இருக்கும்.

அதைத் தனியாகப் பார்த்தால் அந்த விலை அநியாயமாகத்தான் தோன்றும். ரோட்டரி கட்டர் என்கிற வட்டக் கத்தியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979-ல் அந்தக் கத்தியைக் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் ஒட்டுப்போர்வை தைத்தவர்கள் அட்டையில் வடிவம் வெட்டி, துணிமேல் வைத்துப் பென்சிலால் வரைந்து, கத்தரிக்கோலால் வெட்டினார்கள். வட்டக் கத்தி வந்த பிறகு நான்கு மடிப்புத் துணியை ஒரே இழுப்பில் வெட்ட முடிந்தது. ஆனால் அந்தக் கத்திக்குப் பக்கத்தில் ஒரு சுவர் வேண்டும். சாய்ந்து ஓட, விரல் பக்கம் வராமல் தடுக்க. இந்த ஸ்கேல் அந்தச் சுவர். அளப்பது அதன் இரண்டாவது வேலை.

தையல் கடையில் விற்கும் ஸ்டீல் ஸ்கேலோ மர ஸ்கேலோ போதாதா?

அளக்கப் போதும், வெட்டப் போதாது. ஸ்டீல் ஸ்கேல் மெல்லியது. வட்டக் கத்தி அதன்மேல் ஏறிவிடும். ஏறாவிட்டாலும் இரும்போடு இரும்பு உரசிக் கத்தியின் கூர் போய்விடும். பிறகு வெட்டும்போது ஓரிடத்தில் நான்கைந்து இழைகள் அறுபடாமலே நிற்கும். மர ஸ்கேலின் விளிம்பைக் கத்தி சீவிவிடும். பள்ளிக்கூடப் பிளாஸ்டிக் ஸ்கேலும் அப்படித்தான்: ஒரு மாதத்தில் விளிம்பு நெளிந்து ரம்பம்போல ஆகிவிடும். ஸ்டீலும் மரமும் அடியில் இருக்கும் துணியைக் காட்டாது என்பது தனிக் குறை. பூப்போட்ட துணியில் பூ கட்டத்தின் நடுவில் வர வேண்டுமென்றால் ஊடே பார்த்துத்தானே வெட்ட வேண்டும்?

நான் கத்தரிக்கோலால்தான் வெட்டுகிறேன். எனக்கு வேண்டுமா?

வேண்டாம். அந்தப் பணத்துக்கு நல்ல கத்தரிக்கோல் ஒன்று வாங்குங்கள். மீதிக்குத் துணி வாங்குங்கள்.

என் மாமியார் பழைய சேலைகளை அடுக்கி வைத்துப் போர்வை தைப்பார். அவரிடம் ஒரு ஸ்கேலும் கிடையாது. நமக்கு மட்டும் எதற்கு?

இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மார்கழிக் குளிரில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சேலைப் போர்வையின் கதகதப்பு தெரியும். முழுச் சேலையை முழுச் சேலைமேல் வைத்து ஓட்டத்தையல் போடுவதில் அளவு எங்கே வருகிறது? சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள் ஊசியும் வண்ண நூலும் கண்ணாடிச் சில்லும் கொண்டு செய்கிற வேலைப்பாட்டைப் பார்த்தவர்கள் அக்ரிலிக்கைப் பற்றிப் பேசவே கூச்சப்படுவார்கள்.

ஒரே அளவுள்ள முந்நூறு சதுரங்களை மூலைக்கு மூலை சேர்க்க நினைக்கும்போதுதான் ஸ்கேல் தேவைப்படுகிறது. சதுரமும் முக்கோணமும் வேண்டாம், பட்டை பட்டையாகச் சேர்த்தால் போதும் என்றால் மாமியாரின் வழியே நல்ல வழி. பருத்தித் துணியின் ஓரத்தில் சிறிதாக வெட்டுக் கொடுத்துக் கிழித்தால் நேர் இழையிலேயே கிழியும். ஓரம் கொஞ்சம் இழுபடும், நூல் பிரியும். அதற்காகப் பட்டையின் அகலத்தைச் சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டும். செலவு ஒன்றுமில்லை.

அரை நூல் வித்தியாசத்துக்கா இவ்வளவு பணம்?

தச்சரும் கொத்தனாரும் சொல்கிற நூல்தான் இங்கேயும்: எட்டு நூல் ஓர் அங்குலம். ஒட்டுப்போர்வையில் தையலுக்கு விடுவது இரண்டு நூல், அதாவது கால் அங்குலம். ரவிக்கைக்கு விடுவதைப்போலத் தாராளமாக விட முடியாது.

60 அங்குலத்துக்கு 80 அங்குலம் போர்வை, தைத்தபின் 4 அங்குலம் வரும் சதுரங்கள் என்று வைத்துக்கொள்வோம். குறுக்கே 15, நெடுக்கே 20, ஆக மொத்தம் 300 சதுரம். ஒவ்வொன்றையும் 4½ அங்குலமாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு சதுரத்திலும் அரை நூல் கூடினால் ஒரு வரிசையில் ஏழரை நூல் கூடும், அதாவது கிட்டத்தட்ட ஓர் அங்குலம். அடுத்த வரிசையை வேறொரு நாள் வேறொரு ஸ்கேலால் வெட்டி, அதில் அரை நூல் குறைந்திருந்தால் இரண்டு வரிசைக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டு அங்குல வித்தியாசம். மூலைகள் ஒன்றையொன்று பார்க்கவே பார்க்காது.

ஆனால் ஸ்கேல்மேல் பழி போடுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். 1½ அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டி, கால் அங்குலத் தையலில் பக்கம் பக்கமாகச் சேர்த்து, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். மொத்தம் 3½ அங்குலம் இருக்க வேண்டும். நடுப்பட்டை சரியாக 1 அங்குலம் தெரிய வேண்டும். எங்கள் மாடியில் இதுவரை இந்தச் சோதனை செய்தவர்களில் பெரும்பாலோருக்கு வெட்டு சரியாகவே இருந்தது, தையல்தான் ஓடிப்போயிருந்தது. அவர்களுக்கு நான் சொல்வது: ஸ்கேலுக்கு முன்னால் கால் அங்குல ஃபுட் ஒன்றை (ஊசியருகே துணியை அழுத்திப் பிடிக்கும் பாகம்) மெஷினுக்கு வாங்குங்கள். மிதி மெஷினாக இருந்தால் ஊசியிலிருந்து இரண்டு நூல் தள்ளித் தட்டின்மேல் ஒரு டேப் ஒட்டுங்கள். முழுக் கால் அங்குலத்தில் ஓடாமல், துணி ஓரத்தின் பக்கமாக மயிரிழை தள்ளி ஓடுங்கள். மடிப்பிலேயே கொஞ்சம் துணி போய்விடும்.

வாங்குவதென்றால் எந்த அளவு?

6-க்கு 24. காரணம் பன்னாவில், அதாவது துணியின் அகலத்தில் இருக்கிறது. நமக்குக் கிடைக்கும் பருத்தித் துணி பெரும்பாலும் 44 பன்னா. கரையோடு கரை சேர்த்து ஒருமுறை மடித்தால் 22 அங்குலம். 24 அங்குல ஸ்கேல் அதை ஒரே இழுப்பில் கடக்கும். 12 அங்குல ஸ்கேல் வைத்திருப்பவர் பாதியில் நிறுத்தி, நகர்த்தி, மறுபடி தொடங்க வேண்டும். அந்தச் சந்தில்தான் கோணல் பிறக்கிறது. 36 பன்னா துணியே எடுப்பவருக்கு மடித்தால் 18 அங்குலம்தான். அவர் சிறியதாகவே பார்க்கலாம்.

ஸ்கேலின் குறுக்குக் கோடு ஒன்று துணியின் மடிப்போடு பொருந்துகிறதா என்று ஒவ்வொரு நான்கைந்து வெட்டுக்கும் ஒருமுறை பாருங்கள். பொருந்தாமல் வெட்டினால் பட்டையை விரிக்கும்போது நடுவில் முழங்கை மடக்கியதுபோல வளைந்து நிற்கும். எந்த விலை ஸ்கேலும் இதிலிருந்து காப்பாற்றாது.

இரண்டாவதாக வாங்க மனமிருந்தால் 6½ அங்குலச் சதுரம், 45 பாகைக் கோட்டோடு. அதற்குமேல் எனக்குத் தேவைப்பட்டதில்லை. வாங்கியிருக்கிறேன் என்பது வேறு கதை.

ஓசூரில் லேசர் வெட்டும் கடைகள் இருக்கின்றனவே, அங்கே கொடுத்துச் செய்துகொள்ளக் கூடாதா?

செய்துகொள்ளலாம். நான் செய்தேன், சிரிப்பாய்ச் சிரித்தேன்.

பெயர்ப்பலகை செய்யும் ஒரு கடையில் 3 மில்லிமீட்டர் அக்ரிலிக்கில் 6-க்கு 24 ஸ்கேல் ஒன்று கேட்டேன். கம்ப்யூட்டரில் வரைந்த தம்பி நல்ல பையன். என்னிடம் கேட்காமல் ஒரு கணக்குப் போட்டுவிட்டார். பள்ளி ஸ்கேலில் ஓர் அடி என்றால் 30 சென்டிமீட்டர்தானே, ஆகவே இரண்டடி 60 சென்டிமீட்டர், ஓர் அங்குலம் 2.5 சென்டிமீட்டர். உண்மையில் ஓர் அங்குலம் 2.54, இரண்டடி 60.96. என் ஸ்கேல் மூன்று நூல் குட்டையாக வந்தது. ஒவ்வோர் அங்குலமும் அதே விகிதத்தில் சுருங்கியிருந்தது.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஸ்கேலாலேயே முழுப் போர்வையையும் வெட்டினேன். மூலைகள் எல்லாம் பொருந்தின. போர்வைக்குத் தேவை ஒரே மாதிரியான பொய்; நாளுக்கொரு உண்மையைத்தான் அது தாங்காது. அச்சிட்ட மாதிரித் தாளோடோ தோழி வெட்டிக் கொடுத்த துண்டோடோ சேர்க்கும்போதுதான் அந்த ஸ்கேலின் குட்டு வெளிப்பட்டது. இன்னும் வைத்திருக்கிறேன், கைப்பை வெட்டுவதற்கு.

நீங்கள் செய்யச் சொன்னால் அங்குலம் 25.4 மில்லிமீட்டர் என்று எழுதிக் கொடுங்கள். கோடுகளை அடிப்பக்கத்தில் கண்ணாடிப் பிம்பமாகச் செதுக்கச் சொல்லுங்கள். மேல்பக்கத்தில் செதுக்கினால் கோட்டுக்கும் துணிக்கும் இடையில் 3 மில்லிமீட்டர் உயரம் நிற்கும். தலையைச் சற்றுச் சாய்த்தாலே கோடு இடம் மாறித் தெரியும். மூலைகளில் கூர் இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்க்கலாம். அளக்கும் விளிம்பைத் தொடவே கூடாது. இவ்வளவும் சரியாக வந்தால் கடை ஸ்கேலில் பாதி விலைக்குள் முடிந்துவிடும். எனக்கு 480 ரூபாய் ஆனது, அந்தப் பொய்க்கும் சேர்த்து.

ஆன்லைனில் முக்கோணத்துக்கு ஒன்று, பூ இதழுக்கு ஒன்று என்று ஸ்கேல்கள் வருகின்றன. வாங்கலாமா?

இங்கேதான் பணம் கரைகிறது. என் அலமாரியில் ஒரு நாள் மட்டும் பயன்பட்ட ஸ்கேல்கள் நான்கு இருக்கின்றன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பணத்துக்குப் பர்கூரில் எவ்வளவு துணி எடுத்திருக்கலாம் என்று மனம் கணக்குப் போடும். அங்கே ஜவுளிக் கடைகள் வரிசையாக நிற்பதும் அதற்கு ஒரு காரணம்.

பாதிச் சதுர முக்கோணத்துக்கு, அதாவது இரண்டு நிற முக்கோணங்கள் சேர்ந்த சதுரத்துக்கு, ஒரு சூத்திரம் போதும். தைத்தபின் வேண்டிய அளவோடு ஏழு நூல் கூட்டிச் சதுரம் வெட்டுங்கள். இரண்டு நிறச் சதுரங்களை முகத்தோடு முகம் வைத்து, மூலைவிட்டத்தின் இருபுறமும் கால் அங்குலம் தள்ளித் தைத்து, நடுவே வெட்டினால் இரண்டு கிடைக்கும். 3 அங்குலம் வேண்டுமென்றால் 3 அங்குலம் ஏழு நூல். நான் முழுதாக 4 வெட்டித் தைத்துவிட்டு, பிறகு 3½ அங்குலமாகச் சீவுவேன். சீவுவதற்கு 45 பாகைக் கோடுள்ள சாதாரணச் சதுர ஸ்கேல் போதும். தையல் மேட்டில் உட்காரும்படி அடியில் பள்ளம் வைத்த ஸ்கேல்களும் வருகின்றன. அவை வேலையை விரைவாக்கும் என்பது உண்மை. இருநூறு முக்கோணம் சீவப் போகிறவர் வாங்கட்டும்.

வட்டமாகப் பூ இதழ் அடுக்கும் டிரெஸ்டன் தட்டுக்கு இருபது இதழ் என்றால் ஒவ்வொன்றும் 18 பாகை. பதினாறு என்றால் 22½. பள்ளிப் பெட்டியிலிருக்கும் கோணமானியை வைத்து வரைந்து அட்டையில் வெட்டிவிடலாம். கல்யாணப் பத்திரிகை அட்டைகள் இதற்கென்றே பிறந்தவை. பழைய எக்ஸ்ரே பிலிம் அதைவிட நல்லது. ஊடே தெரியும், நனையாது. அவற்றைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து கத்தரிக்கோலால் வெட்ட வேண்டும். வட்டக் கத்தியை அருகில் கொண்டுபோகாதீர்கள்.

என் வழக்கம் இது: ஒரு வடிவத்தை அட்டை வைத்து இரண்டு முறை தைத்து முடித்த பிறகும் மூன்றாம் முறை தைக்க ஆசை இருந்தால் அதற்கான ஸ்கேலை வாங்கலாம். இரண்டாவது முறையிலேயே பலருக்கு ஆசை தீர்ந்துவிடுகிறது.

விலைக்கு ஏற்ற பயன் கிடைக்குமா என்று எப்படிக் கணக்குப் பார்ப்பது?

என் கணக்கைச் சொல்கிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் வீடு வந்து சேர 2,750 ரூபாய் ஆனது. அதில் இதுவரை 31 போர்வை வெட்டியிருக்கிறேன். போர்வைக்கு 89 ரூபாய் விழுகிறது. ஆண்டுக்கு ஒன்று தைப்பவருக்கு இந்தக் கணக்கு கசக்கும். நான் கடைசியாக எடுத்த துணி மீட்டர் 140 ரூபாய்; மேலே சொன்ன அளவுப் போர்வைக்கு அடித்துணியும் சேர்த்து எட்டு மீட்டர், 1,120 ரூபாய். ஸ்கேலின் விலையில் இரண்டு போர்வைக்கான துணியே வந்துவிடும்.

துணி மிச்சமாகும் என்று நம்பி வாங்காதீர்கள். அப்படிப் பெரிதாக ஒன்றும் மிச்சமாகாது. மிச்சமாவது நேரம். முந்நூறு சதுரத்தை வரைந்து கத்தரிக்கோலால் வெட்ட எனக்கு மூன்று மாலைகள் பிடித்தன. மடித்துப் போட்டு வெட்டினால் ஒரு பிற்பகல். விற்பனைக்குத் தைப்பவருக்கு அந்த இரண்டு மாலைகளின் கூலியே பதில் சொல்லிவிடும். பொழுதுபோக்குக்குத் தைப்பவருக்கு மாலைகள்தானே வேண்டும்?

வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைப்பவர்கள் அஞ்சல் கட்டணத்தையும் சுங்க வரியையும் சேர்த்தே விலையைப் பாருங்கள். வெட்டும்போது துணிக்கு அடியில் விரிக்கும் கட்டிங் மேட்டும் மாற்றுக் கத்தியும் இல்லாமல் ஸ்கேல் மட்டும் வாங்கினால் மாடு வாங்காமல் கயிறு வாங்கிய கதைதான்.

ஐந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கலாமா?

தாராளமாக. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-ல் தொடங்கியதே தருமபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி அப்போது அதற்குள்தான் இருந்தது. சேர்ந்து வாங்குவது நமக்குப் புதிதா என்ன? ஒரு போர்வைக்கான துணியை முழுதும் வெட்டி முடித்த பிறகே ஸ்கேல் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று மட்டும் பேசிக்கொள்ளுங்கள். பாதியில் கொடுத்துவிட்டு வேறொன்றால் வெட்டினால் என்ன ஆகும் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

பார்சல் வந்ததும் எதைச் சோதிக்க வேண்டும்?

முதலில் நான்கு மூலைகள். வழியில் அடிபட்டு உடைவது அவைதான். பிறகு மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து பாருங்கள். 6-க்கு 24 ஸ்கேலில் இரண்டும் 24¾ அங்குலத்தை ஒட்டி, ஒன்றுக்கொன்று சமமாக இருக்க வேண்டும். அடுத்து, ஒரு தாளின் நேர் விளிம்போடு ஸ்கேலின் நீண்ட பக்கத்தைச் சேர்த்து, குறுகிய பக்கத்தை ஒட்டிக் கோடு போடுங்கள். ஸ்கேலைப் புரட்டி, அதே இடத்தில் மறுபடி கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் மூலை நேர்மூலை. விலகினால் தவறு அந்த விலகலில் பாதி. திருப்பி அனுப்பக் கூச்சப்படாதீர்கள்.

கோட்டின் நிறத்தையும் உங்கள் துணிமேல் வைத்துப் பாருங்கள். கருநீலத் துணியில் கறுப்புக் கோடு கண்ணுக்குத் தெரியாது; மஞ்சள் கோடு பளிச்சென்று தெரியும்.

ஸ்கேல் வழுக்குகிறதே?

அடியில் பிடிமானப் புள்ளிகள் வைத்தே சில கம்பெனிகள் விற்கின்றன. கிரியேட்டிவ் கிரிட்ஸ் ஸ்கேல்கள் அந்த வகை. மற்றதற்கு உப்புத்தாளைச் சிறு வட்டங்களாக வெட்டி மூலைகளில் ஒட்டிக்கொள்ளலாம். தடிமனான ரப்பரை ஒட்டாதீர்கள். ஸ்கேல் தூக்கிக்கொண்டு நிற்கும், துணி அடியில் நகரும். கையை விரித்து அழுத்துங்கள். கத்தி பாதி தூரம் போனதும் கத்தியை எடுக்காமல் கையை மட்டும் மேலே நகர்த்துங்கள். சுண்டுவிரல் வெளியே தொங்கக் கூடாது. என் சுண்டுவிரலில் இருக்கும் தழும்பை மாடிக்கு வருகிற எல்லோருக்கும் காட்டுகிறேன்.

இதே ஸ்கேலை மெஷினில் வைத்துப் பூவேலைத் தையல் போடலாமா?

கூடாது. மெஷினில் வைத்து ஓட்டும் ஸ்கேல் வேறு. பொதுவாக அதைவிடத் தடிமன் கூடியது, உங்கள் மெஷினின் ஃபுட்டுக்கு ஏற்ற தடிமனில் வாங்க வேண்டும், அதற்கென்று தனி ஃபுட்டும் வேண்டும். வெட்டும் ஸ்கேலை வைத்தால் ஃபுட் அதன்மேல் ஏறி ஊசி உடையும்.

மூலை உடைந்த ஸ்கேலைத் தூக்கிப் போட வேண்டுமா?

உடைந்த மூலையைத் தொடும் இரண்டு பக்கத்திலும் சிவப்பு டேப் ஒட்டிவிட்டு மற்ற இரண்டு பக்கத்தைப் பயன்படுத்துங்கள். தின்னரோ நெயில் பாலிஷ் ரிமூவரோ போட்டுத் துடைக்காதீர்கள், அக்ரிலிக்கில் விரிசல் விழும். சோப்புத் தண்ணீர் போதும். இஸ்திரி மேசைமேல் வைக்காதீர்கள். எங்கள் மாடியில் ஒருமுறை சூடான இஸ்திரிப் பெட்டியை யாரோ என் பழைய ஸ்கேல்மேல் வைத்துவிட்டார்கள். யாரென்று இதுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அது இப்போது வாழையிலையைப்போல வளைந்து, பால்கனித் தொட்டியில் அவரைக்கொடிக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது.